உரிமம் காலாவதியான மருத்துவர் திரும்பி வர வழி வேண்டும்: மருத்துவ மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவர்களைப் பதிவு செய்து உரிமம் வழங்கும் மன்றங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், விண்ணப்பங்களை முதலில் கையில் வாங்கிப் பார்க்கும் பதிவாளர் அலுவலக ஊழியர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பொது மருத்துவர். சில ஆண்டுகள் பணியிலிருந்து விலகியிருந்து திரும்பி வரும் மருத்துவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் இருந்துவருகிறேன். அவர்கள் என் வார்டுக்கு வரும்போது உரிமம் கைக்கு வந்திருக்கும், அல்லது நிபந்தனைகளோடு வந்திருக்கும். அதற்கு முன்பு உங்கள் அலுவலகத்தோடு அவர்கள் கழித்த மாதங்களை, டீ நேரத்தில் அவர்கள் சொல்லித்தான் நான் அறிவேன். அந்த மாதங்களைத் தாண்ட முடியாமல் பாதியில் விட்டுவிட்டவர்களும் உண்டு. நல்ல மருத்துவர்கள். இந்த மடலை எழுதவைத்தது அவர்கள்தான்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். காலாவதியான உரிமத்தை மீட்க ஒரு நிபந்தனை வைத்தால், அதை நிறைவேற்றும் வழியையும் நீங்களே திறந்து வையுங்கள்.

நிபந்தனைகளைத் தளர்த்துங்கள் என்று கேட்கிறேன் என யாரும் நினைத்துவிட வேண்டாம். ஐந்தாறு ஆண்டுகள் நோயாளியைத் தொடாத ஒருவரை, கட்டணத்தை வாங்கிக்கொண்டு மறுநாளே இரவுப் பணிக்கு அனுப்பினால் முதலில் எதிர்ப்பவள் நானாகத்தான் இருப்பேன். பழகாத திறன் மங்கும். 2014-ல் பிரிட்டனில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் மன்றமான ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் இது பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. 6 முதல் 18 மாதங்களுக்குள் திறன் குறைவது தெரிகிறது, தொடக்கத்தில் சரிவு செங்குத்தாக இருக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அதன் சாரம். விலகுவதற்கு முன் ஒருவர் எவ்வளவு ஆழமாகக் கற்றிருந்தார், எவ்வளவு காலம் செய்திருந்தார் என்பதைப் பொறுத்தும் அது மாறுகிறது. வார்டில் நான் பார்ப்பதும் ஏறத்தாழ இதுதான்.

என்ன மங்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் நிபந்தனைகள் பல நேரம் வேறெதையோ அளக்கின்றன.

2012-ல் பணியை விட்டு 2022-ல் திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் போனபோது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்த பிறகு அந்த நோயின் கதையே மாறிவிட்டது. மூளையின் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் குழாய் விட்டு, உறைந்த ரத்தக் கட்டியை வெளியே எடுப்பது 2015-ல் வந்த ஆய்வு முடிவுகளுக்குப் பிறகு வழக்கமான சிகிச்சை ஆனது. நோய்த்தொற்றால் உடலுறுப்புகள் பழுதாகும் செப்சிஸ் என்ற நிலைக்கான வரையறை 2016-ல் திருத்தப்பட்டது. சர்க்கரை நோய்க்கென்று வந்த எஸ்ஜிஎல்டி2 மருந்துகளை இப்போது சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிக்கும் எழுதுகிறோம். பட்டியலாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் இவையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. அடித்தளம் உள்ள ஒருவர் சில வாரங்களில் எட்டிப் பிடித்துவிடுவார். நான் மேற்பார்த்தவர்களில் பலர் வருவதற்கு முன்பே படித்துவிட்டு வந்தார்கள்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே நேரத்தில் நான்கு பேர் நான்கு விஷயம் கேட்கும்போது எதை முதலில் செய்வது என்ற தெளிவு மங்கியிருக்கும். மருந்துச் சீட்டு எழுதும் கணினித் திரை புதிதாக இருக்கும். மருந்து தெரியும், அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாது. மைய ரத்தநாளத்தில் குழாய் செலுத்துவது போன்ற கைவேலைகளில் விரல் தயங்கும். இதயம் நின்ற நோயாளிக்குச் செய்யும் உயிர்காப்பு முறைகள், பழகாவிட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள்ளேயே பிடி நழுவுகின்றன. பணியிலேயே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, "எனக்கு இது தெரியவில்லை, வந்து பாருங்கள்" என்று இளையவரிடம் சொல்லும் துணிவு வர நாளாகும். பத்து ஆண்டுகளுக்கு முன் அவரே மூத்தவராக இருந்திருப்பார்.

மங்காதவையும் உண்டு. நோயாளியின் பேச்சைக் கேட்டு எது முக்கியம் என்று பிரித்தெடுப்பது. எல்லா அளவுகளும் சரியாக இருந்தும் "இவர் சரியில்லை" என்று வாசலிலேயே உணர்வது. கெட்ட செய்தியைச் சொல்வது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காக விலகியவர்களிடம் இவை முன்பைவிடக் கூர்மையாகவே இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இந்த வேறுபாட்டைக் கருத்தில் வைத்துக்கொண்டு, உரிமம் மீட்க நீங்கள் கேட்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சிக்கல் படிவத்திலேயே தொடங்குகிறது. உரிமம் இல்லாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. புதுப்பிக்காததால் காலாவதியாகலாம். மருத்துவரே விரும்பி ஒப்படைத்திருக்கலாம். ஒழுங்கு நடவடிக்கையில் இடைநீக்கம் ஆகியிருக்கலாம். பதிவேட்டிலிருந்து பெயரே நீக்கப்பட்டிருக்கலாம். முதல் இரண்டுக்கும் கடைசி இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பிரிட்டனில் மருத்துவர்கள் மீதான புகாரை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஒருவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கினால் ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கவே முடியும். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் பெயர் போனவருக்கு இது பொருந்தாது; அவருக்கு வேறு பாதை. ஆனால் எல்லா மன்றங்களிலும் இப்படி இல்லை. நான் மேற்பார்த்த ஒருவர், தாயின் நோய்க்காக நான்கு ஆண்டுகள் விலகியிருந்தவர், தன் மன்றத்தின் படிவத்தில் "உரிமம் இழந்த காரணம்" என்ற கட்டத்தில் எதைக் குறிப்பது என்று தெரியாமல் திகைத்ததைச் சொன்னார். தரப்பட்டிருந்தவை எல்லாம் குற்றம் சார்ந்தவை. கடைசியில் "மற்றவை" என்று குறித்துவிட்டு நான்கு பக்கக் கடிதம் இணைத்தாராம். அந்த நான்கு பக்கத்தில் தன் தாயின் கடைசி மாதங்களை, முகம் தெரியாத ஒரு குழுவுக்காக எழுத வேண்டியிருந்தது.

ஒரு தனிப் படிவம் போதும். "உங்கள் மீது நடவடிக்கை ஏதும் உண்டா, உரிமத்தை எங்காவது ஒப்படைத்தீர்களா" என்று முதல் பக்கத்திலேயே கேளுங்கள். பதிலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவில் 1990 முதல் இயங்கும் தேசிய மருத்துவர் தரவு வங்கி அதற்காகவே இருக்கிறது. இல்லை என்று உறுதியானால், விலகியதற்கான காரணம் உங்களுக்கு வேண்டியதில்லை. எத்தனை காலம், எந்தத் துறையில், இப்போது என்ன நிலை என்ற மூன்றும் போதும்.

அடுத்து நன்னிலைச் சான்றிதழ். ஒருவர் இதற்கு முன் பதிவு செய்திருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும், மாநிலத்திலிருந்தும் "இவர் மீது புகார் இல்லை" என்று ஒரு சான்று வேண்டும் என்கிறீர்கள். நியாயம். பெரும்பாலும் அது மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறீர்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் மூன்று இடங்களில் பணியாற்றிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். முதல் இடத்திலிருந்து இரண்டு வாரத்தில் வந்துவிடும். மூன்றாவது இடத்திலிருந்து நான்காவது மாதம் வரும். அதற்குள் முதலாவது செல்லாமல் போயிருக்கும். மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு. இதில் மருத்துவரின் தகுதியோ நோயாளியின் பாதுகாப்போ எங்கும் சோதிக்கப்படவில்லை. விண்ணப்பம் வந்த நாளிலிருந்து கோப்பைத் திறந்து வைத்து, வந்துசேரும் சான்றுகளை அந்தந்தத் தேதியில் ஏற்றுக்கொண்டு, முடிவெடுக்கும் வாரத்தில் மன்றத்திலிருந்து மன்றத்துக்கு நேரடியாக ஒரு வரி கேட்டு உறுதிசெய்தால் முடிந்தது. மின்னஞ்சல் எல்லோரிடமும் இருக்கிறது.

நிலுவைக் கட்டணம், தாமதக் கட்டணம், அடையாளச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, தொழில்சார் காப்பீடு இவற்றைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. என்னென்ன வேண்டும் என்பதை ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள், அது போதும். ஒன்றைக் கொடுத்த பிறகு அடுத்ததைக் கேட்கும் வழக்கம்தான் ஆளைக் களைப்பாக்குகிறது.

தொடர் மருத்துவக் கல்விக்கு வருவோம். இந்தியாவில் 2002-ம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிமுறைகள் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் என்றன. வேறு இடங்களில் வேறு கணக்கு. பணியில் இருப்பவருக்கு இந்த மணிக் கணக்கு ஓரளவு பொருந்தும். திரும்பி வருபவரிடம் சில மன்றங்கள், அவர் விலகியிருந்த ஆண்டுகள் அனைத்துக்கும் சேர்த்து நிலுவை மணிகளைக் கேட்கின்றன. ஆறு ஆண்டு நிலுவையை ஆறு வாரத்தில் இணையவழி உரைகளை ஓடவிட்டு முடித்தவரை எனக்குத் தெரியும். என்ன கற்றீர்கள் என்று கேட்டேன். சான்றிதழ்களைக் காட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கேட்கப்பட்டதைத்தான் கொடுத்தார். ஆஸ்திரேலிய மருத்துவ வாரியம் இதைச் சற்று நிதானமாக அணுகுகிறது. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை விலகியிருந்தவர், திரும்புவதற்கு முன் குறைந்தது ஓராண்டுக்கான தொடர் கல்வியை, தான் செய்யப்போகும் பணிக்குப் பொருத்தமாக முடிக்க வேண்டும். எது இப்போது தேவையோ அதைக் கேட்கிறார்கள்.

அதே வாரியத்தின் இன்னொரு விதியும் எனக்குப் பிடிக்கும். பணித் தொடர்ச்சிக்கு அவர்கள் கேட்பது ஓராண்டில் 152 மணி நேரம், அல்லது மூன்று ஆண்டுகளில் சேர்த்து 456 மணி நேரம். முழுநேரக் கணக்கில் நான்கு வாரம், பன்னிரண்டு வாரம். வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவர்கூட வாரத்தில் அரை நாள் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்தால் எட்டிவிடக்கூடிய அளவு. இது தெரிந்திருந்தால் பலர் முழுவதுமாக விலகியே இருக்க மாட்டார்கள்.

தேர்வு பற்றி என் மனம் இரண்டு பக்கமும் போகிறது. நீண்ட காலம் விலகியிருந்தவர்களிடம் அமெரிக்க மாநில வாரியங்கள் பல, ஸ்பெக்ஸ் என்ற பொது மருத்துவ அறிவுத் தேர்வைக் கேட்டிருக்கின்றன. இருபது ஆண்டுகள் மனநல மருத்துவம் மட்டுமே பார்த்தவர் மகப்பேறு பற்றியும் விடை எழுத வேண்டும். அநியாயம் என்று தோன்றும். ஆனால் அங்கே தரப்படும் உரிமம் துறை பிரிக்காத உரிமம். அதை வைத்துக்கொண்டு அவர் நாளை எதையும் செய்யலாம் என்பது வாரியத்தின் வாதம். அதில் சாரம் இருக்கிறது. என் யோசனை, அவர் எந்தத் துறையில் திரும்புகிறாரோ அந்தத் துறைக்கு மட்டும் என்று உரிமத்தைக் குறுக்கிக் கொடுத்து, தேர்வையும் அதற்கேற்பக் குறுக்குவது. எப்படியானாலும், தாளில் விடை எழுதுவது நான் மேலே சொன்ன தயக்கங்களில் ஒன்றையும் அளக்காது. விரலின் தயக்கம் வார்டில்தான் தெரியும்.

அதனால்தான் மேற்பார்வைக் காலம் என்ற நிபந்தனையை நான் மற்ற எல்லாவற்றையும்விட மதிக்கிறேன். நோயாளியையும் காக்கும், மருத்துவரையும் காக்கும் ஒரே நிபந்தனை அது. வேதனை என்னவென்றால், அதுவே பல இடங்களில் திறக்க முடியாத பூட்டாகிவிட்டது.

"ஆறு மாதம் மேற்பார்வையில் பணி செய்துவிட்டு வாருங்கள், பிறகு உரிமம் தருகிறோம்" என்கிறது ஒரு மன்றம். மருத்துவமனைக்குப் போனால், "உரிமம் இல்லாதவரை நோயாளியைத் தொடவிட முடியாது, காப்பீடும் கிடைக்காது" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் தனித்தனியே சரிதான். நடுவில் நிற்பவர் என்ன செய்வார்? பார்வையாளராக ஓரமாக நிற்கலாம் என்று சிலர் வழி சொல்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு ஆறு மாதம் நின்றால் வராத திறன் எப்படி வரும்? சம்பளமும் இல்லை. கையில் சேமிப்பு இருப்பவரால் மட்டுமே அப்படி நிற்க முடியும். அமெரிக்காவில் இதற்கென்றே நடக்கும் மறுநுழைவுப் பயிற்சித் திட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. செலவு பெரும்பாலும் மருத்துவரின் கைக்காசு, ஊர் மாறிப் போய்த் தங்க வேண்டியும் இருக்கும். குடும்பத்துக்காக விலகியவரிடம் குடும்பத்தை விட்டுவிட்டு வா என்று கேட்பதாகிறது இது.

நான் மேலே சொன்ன, பாதியில் விட்டுவிட்டவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விட்டார்கள். திறமை போதாமல் யாரும் விடவில்லை. திறமையைக் காட்ட இடமே அமையவில்லை.

வழி இல்லாத சிக்கலும் அல்ல இது. பிரிட்டனில் 2009 நவம்பரிலிருந்து பதிவேட்டில் பெயர் இருக்கும் பதிவும், பணி செய்ய அனுமதிக்கும் உரிமமும் தனித்தனி. ஒருவர் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு உரிமத்தை விட்டுவிடலாம், பிறகு கேட்டு வாங்கலாம். அப்படித் திரும்பி வருபவருக்கு உரிமம் முதலில் கிடைத்துவிடுகிறது. சிலருக்கு, பணிக்குத் தகுதியோடு இருக்கிறாரா என்று பார்க்கும் மறுமதிப்பீடு முடியும்வரை, மேற்பார்வையும் ஆண்டு மதிப்பாய்வும் உள்ள அங்கீகரிக்கப்பட்ட இடங்களில்தான் பணி செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு. வரிசையைக் கவனியுங்கள். உரிமம் முன்னால், மேற்பார்வை பின்னால். இங்கிலாந்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் விலகியிருந்த குடும்ப மருத்துவர்களுக்கு, அரசின் சுகாதாரச் சேவையே ஒரு மறுவருகைத் திட்டம் நடத்துகிறது. முதலில் மதிப்பீடு, பிறகு ஒரு கிளினிக்கில் மேற்பார்வையோடு பணி, அந்தக் காலத்துக்கு மாத உதவித்தொகை. ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டுக்கு மேல் விலகியிருந்தவர் மறுநுழைவுத் திட்டம் ஒன்றைத் தானே எழுதி வாரியத்திடம் தர வேண்டும்: யார் மேற்பார்வை, எங்கே, என்ன படிப்பேன், எப்போது மதிப்பிடுவார்கள் என்று. வாரியம் ஏற்றால் அதையே நிபந்தனையாக வைத்துப் பதிவு தரலாம்.

இவை எல்லாம் குறையற்றவை என்று சொல்ல மாட்டேன். திட்டம் எழுது என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளரைத் தேடும் பாட்டை மருத்துவரின் தலையிலேயே கட்டுவது அங்கும் உண்டு. ஆனாலும் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2020-ஐயும் உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டு மார்ச்சில், சமீப ஆண்டுகளில் பதிவையோ உரிமத்தையோ விட்டிருந்த ஆயிரக்கணக்கான மருத்துவர்களுக்கு, விண்ணப்பமே கேட்காமல், பிரிட்டன் தற்காலிகப் பதிவு தந்தது. விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம் என்றது. ஏப்ரலில் ஆஸ்திரேலியா, மூன்று ஆண்டுகளுக்குள் பணியை விட்டவர்களுக்காகத் தனியே ஒரு துணைப் பதிவேடு தொடங்கியது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஓய்வு பெற்றவர்களின் காலாவதியான உரிமங்களைச் சுருக்கமான வழியில் உயிர்ப்பித்தன. பெருந்தொற்றுக் கால விதியை அப்படியே நிரந்தரமாக்கச் சொல்லவில்லை. அவசரத்தில் ஏற்கும் ஆபத்தை மற்ற நாளில் ஏற்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது, நிபந்தனையுள்ள, கால வரம்புள்ள, மேற்பார்வைக்கு உட்பட்ட உரிமம் ஒன்றை உருவாக்கும் அதிகாரமும் திறமையும் உங்களிடம் இருக்கின்றன என்பதை. சில வாரங்களில் செய்து காட்டினீர்கள்.

ஆகவே நேராகக் கேட்கிறேன். மறுநுழைவு உரிமம் என்று ஒன்றை ஏற்படுத்துங்கள். பெயர் குறிப்பிட்ட ஒரு மருத்துவமனையில், பெயர் குறிப்பிட்ட ஒரு மேற்பார்வையாளரின் கீழ், குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் உரிமம். முதல் சில வாரம் ஒவ்வொரு நோயாளியையும் மேற்பார்வையாளரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். அடுத்த கட்டத்தில் தானே பார்த்துவிட்டு அன்றே விவாதிக்க வேண்டும். அப்புறம் வாரம் ஒருமுறை கோப்புகளைச் சரிபார்த்தால் போதும். காலம் முடிவதற்கு முன்பே தேறியவரை முன்பே விடுவியுங்கள், தேறாதவருக்குக் காலத்தை நீட்டிக் கொடுங்கள், முடியாது என்று தெரிந்தால் சொல்லிவிடுங்கள். நான் அப்படி ஒருவரிடம் சொல்ல நேர்ந்தது. வருத்தமாக இருந்தது, ஆனால் அவர் அதை ஏற்றுக்கொண்டார். பார்த்து, பழகி, பிறகு சொன்ன முடிவு அது.

மேற்பார்வையாளர்களுக்கும் நேரம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். மேற்பார்வை என்பது கையெழுத்துப் போடும் வேலை இல்லை. என் வழக்கமான நோயாளிகள் எண்ணிக்கை குறையாமல் இன்னொருவரின் ஒவ்வொரு முடிவையும் உடனிருந்து பார்ப்பது நடக்காத காரியம். மருத்துவமனைகள் தயங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது என்ற குழப்பம். அதை விதியிலேயே எழுதிவிட்டால் கதவு தானே திறக்கும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, கால எல்லைகள். கலிஃபோர்னியாவில் காலாவதியான உரிமத்தை ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது ரத்தாகிவிடும். அதன் பிறகு புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இரண்டு ஆண்டு மருத்துவப் பணி இடைவெளி என்பது ஒரு எல்லைக்கோடு. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், புரிகிறது. ஆனால் திறன் ஒரு குறிப்பிட்ட தேதியில் விழுந்துவிடுவதில்லை என்று உங்கள் சொந்த ஆய்வுகளே சொல்கின்றன. முதல் ஆண்டில் அதிகம் சரிந்து பிறகு மெதுவாகச் சரிவது உண்மையானால், 23 மாதத்துக்கு ஒன்றுமே கேட்காமல் 25 மாதத்துக்கு எல்லாவற்றையும் கேட்பதற்கு என்ன அடிப்படை? பிரிட்டனின் மருத்துவ அரச கல்லூரிகளின் கூட்டமைப்பு, மூன்று மாத இடைவெளிக்கே ஒரு சிறு மீள்வருகைத் திட்டம் வேண்டும் என்று 2012-லேயே பரிந்துரைத்தது. சிறிய இடைவெளிக்குச் சிறிய உதவி, பெரிய இடைவெளிக்குப் பெரிய உதவி. அப்படிப் படிப்படியாக வையுங்கள். எந்த எல்லைக்கும் ஆறு மாதம் முன்னால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பழைய முகவரிக்குத் தபால் மட்டும் போதாது. விலகுகிறவர்களில் பலர் ஊரும் நாடும் மாறிப் போனவர்கள்.

மற்றொன்றை எழுதும்போது கை சற்று நிற்கிறது. உடல்நலக் கேள்விகள். "உங்களுக்கு எப்போதாவது மனநலச் சிகிச்சை அளிக்கப்பட்டதா?" என்று கேட்கும் படிவங்கள் இன்னும் இருக்கின்றன. எப்போதாவது என்றால், மாணவப் பருவத்தில் மூன்று மாதம் ஆலோசனைக்குப் போனதும் அடங்கும், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் அடங்கும். அப்படி ஒரு காரணத்துக்காக விலகி, நலமாகித் திரும்பி வரும் மருத்துவர் அந்தக் கட்டத்தின் முன் என்ன செய்வார்? மறைக்கலாம், அல்லது விண்ணப்பிக்காமலே இருக்கலாம். இன்னும் மோசமானது, சிகிச்சைக்கே போகாமல் இருப்பது. நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா ப்ரீன் 2020 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். சிகிச்சை பெற்றது தெரிந்தால் உரிமம் போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்ததை அவர் குடும்பத்தார் வெளிப்படையாகப் பேசினார்கள். மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக 2022 மார்ச்சில் அமெரிக்காவில் கையெழுத்தான சட்டம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதற்கும் முன்பே, 2018-ல், அமெரிக்க மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு தன் உறுப்பினர்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தது: இந்தக் கேள்வி தேவையா என்று யோசியுங்கள், தேவை என்றால் இப்போது பணியைப் பாதிக்கும் குறைபாடு உண்டா என்று மட்டும் கேளுங்கள். பழைய வரலாற்றைக் கிளறாதீர்கள்.

இப்போது பாதுகாப்பாகப் பணி செய்யும் நிலையில் இருக்கிறாரா என்று கேட்கும் முழு உரிமை உங்களுக்கு இருக்கிறது. தேவைப்பட்டால் மருத்துவரின் மருத்துவரிடமிருந்து ஒரு வரி கேளுங்கள். அதற்கு மேல் தோண்டுவது யாருக்கும் பாதுகாப்பு தரவில்லை. உதவி தேடுபவர்களைத்தான் விரட்டுகிறது.

இந்த மடலைப் படிக்கும் சக மருத்துவர்களுக்கும் இடையில் ஒரு வார்த்தை. விலகப் போகிறீர்கள் என்றால் உரிமத்தைத் தானாகக் காலாவதியாக விடாதீர்கள். பணி செய்யாதோர் பதிவு, செயலற்ற நிலை என்று உங்கள் மன்றத்தில் ஏதாவது இருக்கும். கட்டணமும் பெரும்பாலும் குறைவு. அதற்கு மாறிக்கொண்டு போனால் திரும்பும் பாதை சுருங்கும். விலகும்போதே பணிச் சான்று, நன்னிலைச் சான்று, செய்த சிகிச்சைகளின் பதிவு எல்லாவற்றையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து ஆண்டு கழித்து அந்த மருத்துவமனையில் உங்களைத் தெரிந்த யாரும் இல்லாமல் போகலாம். கற்பித்தல், ஆய்வு, நிர்வாகம் ஆகியவற்றையும் சில நாடுகள் பணியாகக் கணக்கில் எடுக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வரையறை அப்படித்தான். நோயாளியை நேரில் பார்ப்பதை மட்டுமே எண்ணும் இடங்களும் உண்டு. உங்கள் இடத்தில் எப்படி என்று போவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மன்றத்தாரே, ஒரு மருத்துவரை உருவாக்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. திரும்பி வர விரும்பும் ஒருவரைத் தயார்ப்படுத்த, நான் பார்த்தவரை, மாதக் கணக்கில்தான் ஆகிறது. அந்த மாதங்களை ஒழுங்காக அமைத்துக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. மறுநுழைவு உரிமத்துக்கான வரைவு விதி எழுதும்போது, விலகியிருந்து திரும்பிய மருத்துவர் ஒருவரையும், மேற்பார்வை செய்த ஒருவரையும், நோயாளிகள் தரப்பில் ஒருவரையும் அந்த மேசையில் உட்காரவையுங்கள். மேற்பார்வையாளர் பட்டியல் ஒன்று தொடங்கினால் என் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் ஒருவரை என் வார்டில் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். இரவுப் பணியில் முதல் சில வாரம் உடன் நிற்கவும் சம்மதம்.

இப்படிக்கு,
திரும்பி வரும் மருத்துவர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு மருத்துவர்